கவுஞ்சிக் கொட்டகையில் கேட்ட சத்தம்

கொட்டகையின் தகரக் கதவுக்கு வெளியே நானும் செல்வராணியும் நின்றிருந்தோம். மத்தியானச் சாப்பாட்டு நேரம்தான். ஆனால் கொடைக்கானல் மலையில் இருக்கும் கவுஞ்சியில் மூடுபனி இறங்கிவிட்டால் பொழுது எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. பத்தடி தள்ளியிருந்த பூண்டு வயல் காணாமல் போயிருந்தது. தகரத்தின் விளிம்பிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

உள்ளே ஓர் ஆண் குரல் பேசிக்கொண்டிருந்தது. உரத்து இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசும் அளவுக்கு.

“காத்து இன்னும் நிக்கலண்ணே. நின்னதும் கெளம்பிரலாமா?”

பதில் இல்லை. செல்வராணி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் ஜில்லென்று இருந்தன.

டிங்.

கண்ணாடித் தம்ளரை நகத்தால் சுண்டினால் வருமே, அப்படி ஒரு மெல்லிய சத்தம். ஒரே ஒரு தடவை.

உள்ளே அந்தக் குரல் சிரித்தது. “சரிண்ணே. அப்ப சரி.”

“கேட்டீங்களாக்கா?” என்றாள் செல்வராணி, உதடு மட்டும் அசைய. “உள்ள எங்க வீட்டுக்காரரு ஒத்த ஆளுதான் இருக்காரு.”

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் கையில் முடி குத்திட்டு நின்றது. இறந்துபோன அண்ணன் பதில் சொன்னார் என்பதற்காக அல்ல. அந்தச் சத்தத்தை நான் வேறோர் இடத்தில், வேறொரு காலத்தில் கேட்டிருக்கிறேன். அது என்ன என்று எனக்குத் தெரிந்திருந்தது.

கேரட் கொண்டுவரும் பெண்

கணவர் இறந்த பிறகு கோயம்புத்தூரில் தனியாக இருக்கப் பிடிக்காமல் கொடைக்கானலுக்கு வந்து, சுற்றுலா வருபவர்களுக்கு மூன்று அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறேன். அந்த அறைகளின் சமையலுக்குக் காய் கொண்டுவருபவள்தான் செல்வராணி. வாரம் ஒருமுறை கவுஞ்சியிலிருந்து பஸ்ஸில் கேரட்டும் மலைப்பூண்டும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வருவாள். நாற்பதைக் கடந்தவள். பஸ்ஸில் பார்த்தது, வயலில் நடந்தது, காட்டெருமை வந்து முட்டைக்கோசை மிதித்தது என்று வாய் ஓயாமல் பேசுவாள்.

ஒருநாள் பேசவில்லை. அடுப்படி வாசலில் உட்கார்ந்து, கொடுத்த டீ ஆறிப்போகும்வரை தம்ளரைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

“அக்கா, நீங்க இரும்புக் கம்பெனியில இருந்தவங்கதான?”

“ஆமா. ஏன்?”

“இரும்பு பேசுமா?”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“எங்க வீட்டுக்காரரு ப்ளேன் கட்டுறாருன்னு சொன்னேன்ல. அதுக்குள்ள எங்க மூத்தாரு வந்து பேசுறாரு” என்றாள். மூத்தார் என்றால் கணவரின் அண்ணன். அந்தோணி. அவர் இறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

“லாரிக்குச் சொல்லியாச்சு. கீழ கொண்டுபோய்ப் பறக்கப் போறாரு. அண்ணன் வான்னு கூப்புடுதாம். எனக்கு அந்த ஒரு வார்த்தையிலதாங்க்கா தூக்கமே இல்ல. செத்தவங்க வான்னு கூப்பிட்டா எங்கிட்டுக்கா கூப்பிடுவாங்க?”

மறுநாள் அவளுடன் பஸ் ஏறினேன்.

அண்ணனும் தம்பியும்

செல்வராணியின் கணவர் பெயர் தேவசகாயம். அவருடைய அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். அங்கே லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்தவர் அண்ணன் அந்தோணி. இங்கே வந்த பிறகு பிறந்தவர் தம்பி. கப்பலைப் பற்றி அண்ணன் சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்த தம்பிக்குக் கப்பலில் ஆசை வரவில்லை, விமானத்தில் வந்தது. விமானப் படையில் சேர்ந்து என்ஜின் மெக்கானிக்காகப் பல ஊர் சுற்றினார். மற்றவர்கள் ஏறிப் பறக்கும் விமானங்களைத் துடைத்துத் திருகி அனுப்பிவிட்டுத் தரையிலேயே நின்றார். ஓய்வு பெற்று வந்து கவுஞ்சியில் கேரட் போட்டார்.

அண்ணன் கொடைக்கானலில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். கேட், ஜன்னல் கிரில், காப்பித் தோட்டங்களில் பழம் உரிக்கும் மெஷின் ரிப்பேர் என்று மலை முழுக்க வேலை.

“ஒரு ப்ளேன் கட்டிருவோம்டா” என்று முதலில் சொன்னது அண்ணன்தானாம். தாமே கட்டிப் பறப்பவர்களுக்கென்று வரைபடங்கள் விற்கிறார்கள். அதை வரவழைத்து, உருளைக்கிழங்குக் கொட்டகையைக் காலி செய்து, வேலையை ஆரம்பித்தார்கள். தம்பி வெயில் காலங்களில் கீழே போய்ச் சின்ன விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். வாங்க வேண்டிய அனுமதிகளுக்காகப் பல வருஷம் அலைந்தார்.

அந்தோணி வெல்டிங் வைக்கும்போது கொட்டகைக் கதவைச் சாத்திவிடுவாராம். பழுத்த இடத்தில் குளிர்காற்று பட்டால் எஃகு சட்டென்று இறுகி உள்ளுக்குள் நொறுங்கிப்போகும் என்று பயம். ஓர் இணைப்பைப் பற்றவைத்து முடித்ததும் நெருப்பை உடனே எடுக்க மாட்டார். கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தள்ளி விலக்குவார். அது தானாக ஆறும்வரை யாரும் கதவைத் திறக்கக் கூடாது. வீட்டில் விருந்தாளி வந்து காத்திருந்தாலும் சரி.

எலும்புக்கூடு முழுவதும் முடிந்தது. இறக்கைகளையும் சக்கரங்களையும் உடம்போடு பிடித்து வைக்கும் ஆறு பிராக்கெட்டுகள் மட்டும் பாக்கி. அதற்குள் ஒரு மூடுபனி நாளில் தாண்டிக்குடிப் பாதையில் அந்தோணி போன ஜீப் பள்ளத்தில் உருண்டது.

ஆயுத பூஜைக்குப் பிறகு

இந்த இடத்தில் கோயம்புத்தூருக்கு ஒருமுறை போய் வர வேண்டும்.

நான் வேலை பார்த்தது எஃகைச் சூடேற்றிப் பதப்படுத்தும் ஒரு தொழிற்சாலையில். ஹீட் ட்ரீட்மென்ட் என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள். எஃகைச் செக்கச்செவேலென்று பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால் கல்போல் கடினமாகும். அரம் ஏறாது. ஆனால் அப்படியே விட்டால் கண்ணாடி மாதிரி; அடித்தால் சிதறும். அதனால் மறுபடியும் மிதமான சூட்டில் வைத்து, கொஞ்சம் கடினத்தை விட்டுக்கொடுத்து, வளைந்து தாங்கும் பதத்துக்கு இறக்க வேண்டும். எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதில்தான் தொழில் முழுவதும் இருக்கிறது.

ஒரு வருஷம், மிகக் கடினமாகப் பதப்படுத்திய போல்ட்டுகளை முலாம் பூசக் கொடுத்து வாங்கி, இரும்புச் சட்டங்களில் முறுக்கி அடுக்கியிருந்தோம். ஆயுத பூஜை விடுமுறை வந்தது. சந்தனம் குங்குமம் வைத்துப் பூட்டிவிட்டுப் போனோம்.

திரும்பி வந்தபோது வாட்ச்மேன் வாசலிலேயே நின்றார். ஸ்டோர் ரூமுக்குள் யாரோ சுண்டிக்கொண்டே இருக்கிறார்கள், தான் இனி உள்ளே போவதாக இல்லை என்றார். கதவைத் திறந்தோம். தரையெல்லாம் போல்ட்டின் தலைகள். யாரும் தொடவில்லை. எந்த வண்டியும் ஓடவில்லை. முறுக்கி வைத்த இடத்திலேயே, ஆள் இல்லாத அறையில், ஒன்றன்பின் ஒன்றாகத் தாமாகவே தலை துண்டித்துக்கொண்டு விழுந்திருந்தன. நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே ஒரு மூலையிலிருந்து இன்னொன்று: டிங்.

இதற்கு விளக்கம் உண்டு. முலாம் பூசும் தொட்டியில் அமிலம். அதிலிருந்து ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துவிடும். மெத்தென்ற எஃகு அதைப் பொறுத்துக்கொள்ளும். அளவுக்கு மீறிக் கடினமாக்கிய எஃகு பொறுக்காது. உடனே உடைந்தாலும் பரவாயில்லை, தெரிந்துவிடும். உடையாது. சோதனையில் தேறும், தட்டிப் பார்த்தால் மணிபோல் ஒலிக்கும். பிறகு சுமை ஏறிய நிலையில், நாளோ வாரமோ கழித்து, உள்ளே நூலிழையாக விரியத் தொடங்கும். முலாம் பூசிய கையோடு அடுப்பில் வைத்து வெகுநேரம் வாட்டினால் ஹைட்ரஜன் வெளியேறிவிடும். விரிசல் தொடங்கிவிட்டால் எந்த வைத்தியமும் இல்லை.

விளக்கம் எல்லாம் தெரிந்த பிறகும் எங்கள் ஆட்கள் அந்த ஸ்டோர் ரூமுக்குத் தனியாகப் போனதில்லை. நானும்தான்.

பின் இருக்கை

தேவசகாயம் எங்களை உள்ளே கூப்பிட்டார். மூடுபனி எங்களோடு சேர்ந்து உள்ளே வந்தது.

விமானம் நான் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. இறக்கைகளுக்கு வெள்ளைத் துணி போர்த்தியாகிவிட்டது. உடம்புக்குக் கீழே கொண்டுபோய்த்தான் போர்த்த வேண்டும். மெல்லிய குழாய்கள் முக்கோணம் முக்கோணமாகப் பின்னி வால்வரை போயின. முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கைகள். பின் இருக்கையின் பெல்ட், ஆள் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்குமோ அப்படி மாட்டி இறுக்கப்பட்டிருந்தது.

“வாங்கக்கா. ராணி சொல்லுச்சு வருவீங்கன்னு” என்றார். மெலிந்த முகம், நல்ல சிரிப்பு. பேசிக்கொண்டிருந்ததை மறைக்கவெல்லாம் இல்லை. “அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு இருந்தேன்.”

நான் பிராக்கெட்டுகளைப் பார்த்தேன். சாம்பல் நிறக் குழாய்களுக்கு நடுவே அவை மட்டும் வெள்ளிபோல் மின்னின.

“இது யாரு செஞ்சது தம்பி?”

“நான்தாங்க. அண்ணன் இல்லாம செய்யுறேன், ஒண்ணும் ஆகிறக் கூடாதுல்ல? அதான் கரி அடுப்புல பழுக்கக் காச்சி எண்ணெயில முக்கி, எவ்வளவு கெட்டி வருமோ அவ்வளவும் ஏத்திட்டேன். அரத்தைப் போட்டுப் பாருங்க, வழுக்கிட்டுப் போகும்.”

“இந்தப் பளபளப்பு?”

“கீழ குடுத்து முலாம் போட்டு வாங்குனேன். இங்கிட்டு அடிக்கிற ஈரத்துக்கு ஒரு மழைக்காலத்துல துருப் புடிச்சுரும்ல.”

“போட்டதும் அடுப்புல வாட்டுனாங்களா?”

“வாட்டுறதா? எதுக்குக்கா?”

சத்தம் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டேன். அவர் முகம் மாறியது. இறக்கையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

“ரெக்கை மாட்டி முடிச்ச அன்னிக்கு உள்ள ஏறி உக்காந்தேன். அண்ணனால பாக்க முடியலயேன்னு அழுக வந்துருச்சு. அண்ணே, நான் ஒத்தையில எப்பிடிண்ணே போவேன்னு வாய்விட்டே கேட்டேன். அப்பத்தான் மொத சத்தம். பெறகு எப்ப ஏறி உக்காந்து கேட்டாலும் கொஞ்ச நேரத்துல பதில் வந்துரும்.”

வரத்தான் செய்யும். அவர் ஏறி உட்காரும்போதெல்லாம் அவர் எடை அந்த பிராக்கெட்டுகளை இழுக்கிறது. இழுத்ததும் விரிசல் இன்னொரு நூல் முன்னேறுகிறது. அவர் கேள்வி கேட்கிறார், எஃகு உடைகிறது. சொல்லிவிட எனக்கு ஒரு நிமிஷம் போதும். ஆனால் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, உன் அண்ணன் இங்கே இல்லை என்று எப்படிச் சொல்வது?

அவர்கள் இருவரும் எனக்குச் சாப்பாடு எடுத்துவர வீட்டுக்குப் போனார்கள். நான் கொட்டகையில் தனியாக நின்றேன்.

பிறகு நான் செய்ததை என் மகளிடம்கூடச் சொன்னதில்லை. மடிப்பு ஏணியில் கால் வைத்து ஏறி, முன் இருக்கையில் உட்கார்ந்தேன். எனக்கும் ஒருவரிடம் கேட்க ஒரு கேள்வி இருந்தது. ஆஸ்பத்திரியில் கடைசி நாளில் என் கணவர் என் கையைப் பிடித்து ஏதோ சொல்ல வாயெடுத்தார், வார்த்தை வரவில்லை. அது என்ன என்று கேட்டேன். மனசுக்குள்தான்.

மூடுபனி இறக்கைத் துணியில் ஈரமாகப் படிந்துகொண்டிருந்தது. காத்திருந்தேன். ஒன்றும் இல்லை. முதுகுக்குப் பின்னால் அந்த மாட்டிய பெல்ட் இருப்பது மட்டும் தெரிந்துகொண்டே இருந்தது. வெட்கத்தோடு இறங்கி ஒரு காலைத் தரையில் வைத்தேன்.

டிங்.

சுமை மாறும்போதும் விரிசல் நகரும். எனக்குத் தெரியும். தெரிந்தும் மறு காலைக் கீழே வைக்க எனக்கு வெகுநேரம் ஆனது.

சிவப்பு

சாப்பிட்டு முடித்த பிறகு, “கீழ கொண்டுபோறதுக்கு முன்னாடி ஒரு மருந்து அடிச்சுப் பாத்துருவோம் தம்பி” என்றேன். “விரிசல் இருந்தா காட்டிக் குடுத்துரும்.”

“அண்ணன் வெல்டிங்கையா சோதிக்கிறீங்க?” குரல் கடினமானது.

“எல்லாத்தையும்.”

பின் இருக்கையைத் திரும்பிப் பார்த்தார். “சரி, பாருங்க. அண்ணன் வேலையில ஒரு கோடு இருந்தா நான் பறக்கல.”

கோயம்புத்தூரில் பழைய தோழி ஒருத்திக்குச் சொல்லி, பஸ் பார்சலில் அந்த ஸ்ப்ரே டப்பாக்களை வரவழைத்தேன். அடுத்த வாரம் மறுபடியும் கவுஞ்சி.

முறை எளிது. இரும்பைச் சுத்தமாகத் துடைத்து, சிவப்புச் சாயம் அடிக்க வேண்டும். விரிசல் இருந்தால் சாயம் அதற்குள் இறங்கிக்கொள்ளும். மேலே இருப்பதைத் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடியை அடித்தால், உள்ளே போன சிவப்பு மெல்ல மெல்ல வெளியே கசிந்து கோடு காட்டும்.

அண்ணன் பற்றவைத்த இணைப்புகளில் பெயிண்டைச் சுரண்ட அவருக்குக் கை வரவில்லை. நான் சுரண்டினேன். ஒவ்வொரு இணைப்பாகச் சாயம், துடைப்பு, வெள்ளை. மூவரும் குனிந்து பார்த்தோம். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. மூக்கிலிருந்து வால்வரை ஒரு புள்ளி சிவப்பு இல்லை.

தேவசகாயம் நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது. “பாத்தீங்களாக்கா? எங்க அண்ணன்க்கா.”

“நல்ல வேலை தம்பி. இதைவிட நல்ல வேலை நான் பாத்ததில்ல.” உண்மையைத்தான் சொன்னேன்.

“அப்ப முடிஞ்சுதுல்ல?”

“பிராக்கெட் பாக்கி.”

இடது சக்கரத்தின் மேலிருந்த பிராக்கெட்டில் வெள்ளை அடித்தேன். அது உலர்ந்து சுண்ணாம்பு பூசியதுபோல் ஆனது. ஒன்றும் இல்லை என்று அவர் சொல்ல வாயெடுத்தபோது, போல்ட் துளையின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வந்தது. பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் இணைந்தன. பிறகு கோடு தானாக நீண்டது, விளிம்பை நோக்கி, யாரோ உள்ளேயிருந்து எழுதுவதுபோல.

செல்வராணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“தொடைச்சுட்டு இன்னொரு தடவை அடிங்க” என்றார் அவர்.

துடைத்தேன். அடித்தேன். அதே இடத்தில் வந்தது.

“இன்னொருக்க.”

மறுபடியும் வந்தது. இறக்கைப் பிராக்கெட்டுகளில் அடித்தேன். நான்கில் மூன்றில் வந்தது. அந்த மூன்றில் ஒன்றில் கோடு பாதி அகலத்தைத் தாண்டியிருந்தது.

“மேலாப்புல ஒரு கீறல்தானக்கா? உள்ள கெட்டியாத்தான இருக்கும்?”

“கழட்டிக் குடுங்க” என்றேன்.

அவர் இறக்கைக்கு முட்டுக் கொடுத்து, அந்த பிராக்கெட்டைக் கழற்றினார். விரல்கள் நிதானமாகத்தான் வேலை செய்தன; பட்டாளத்துப் பழக்கம். மேஜையில் பொருத்தியிருந்த வைஸ் பிடியில் இறுக்கினேன். சுத்தியலை அவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை. “நீங்களே போடுங்க.”

ஓங்கிக்கூட அடிக்கவில்லை. ஒரே தட்டு. பிராக்கெட் இரண்டாகி, ஒரு பாதி தரையில் விழுந்து உருண்டது.

அதை எடுத்து அவர் கையில் வைத்தேன். உடைந்த முகத்தில் ஒரு பகுதி சர்க்கரை உடைந்ததுபோல் புதிதாக மின்னியது. நான் இப்போது உடைத்தது அந்தப் பகுதி மட்டும்தான். மிச்சம் முழுக்கச் சிவப்பு ஊறிக் கிடந்தது. அது எப்போதோ உடைந்துவிட்டது. அவர் அண்ணனோடு பேசிக்கொண்டிருந்த நாட்களில்.

எல்லாவற்றையும் சொன்னேன். கரி அடுப்பு, எண்ணெய், அமிலத் தொட்டி, ஹைட்ரஜன், அவர் எடை. குறுக்கே ஒரு கேள்வி கேட்கவில்லை. அவரும் மெக்கானிக். புரிந்துகொள்ளக் கூடாது என்று அவர் விரும்பியிருந்தாலும் புரியாமல் இருந்திருக்காது.

கடைசியில் அந்தத் துண்டைப் பார்த்தபடியே கேட்டார்.

“அப்ப இத்தனை நாளா நான் யாருகிட்டக்கா பேசிக்கிட்டு இருந்தேன்?”

எங்கள் முதுகுக்குப் பின்னால், யாரும் உட்காராத விமானத்திலிருந்து, டிங் என்று கேட்டது.

மூவரில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பேச்சில்லாத மாதங்கள்

லாரிக்கு வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். மிச்சப் பிராக்கெட்டுகளையும் அன்றே கழற்றி வைஸில் உடைத்தோம். புதிதாக ஆறு செய்து, எனக்குத் தெரிந்த பட்டறையில் கொடுத்து, இம்முறை வளைந்து தாங்கும் பதத்துக்கு ஹீட் ட்ரீட்மென்ட் செய்து வாங்கினேன். முலாம் வேண்டாம், பெயிண்ட் போதும் என்றேன். தேவசகாயம் அவற்றை வாங்கி மாட்டினார். நன்றி சொன்னார். அவ்வளவுதான்.

செல்வராணி எப்போதும்போல் கேரட் கொண்டுவந்தாள். “சத்தம் நின்னுருச்சுக்கா” என்று முதல் வாரம் சந்தோஷமாகச் சொன்னாள். அதற்கு அடுத்து வந்தபோது சந்தோஷம் இல்லை.

“வெள்ளனே எந்திரிச்சுக் கொட்டகைக்குப் போறாரு. ஏறி உக்காந்துக்கிறாரு. ஒண்ணும் கேக்குறதில்ல. சும்மா உக்காந்திருக்காரு. வயக்காட்டுச் சோலி எதுவும் பாக்குறதில்ல. முந்தி ப்ளேனும் பேசுச்சு, இவரும் பேசுனாரு. இப்ப ரெண்டும் பேசல.”

அவர் உயிரை நான் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மழைக்காலம் முழுக்க அந்த எண்ணம் எனக்கு எந்த ஆறுதலும் தரவில்லை.

மழை விட்ட பிறகு ஒருநாள் செல்வராணி வந்து, மூட்டையை இறக்குவதற்கு முன்பே சொன்னாள்: “அவரு பறக்கட்டும்க்கா. நானே சொல்லிட்டேன். இப்பிடி உக்காந்தே இருக்கிறதுக்கு ஒரு தடவை போயிட்டு வரட்டும். இரும்பு தாங்கும்ல?”

“இரும்பு தாங்கும்” என்றேன். மற்றதற்கு நான் பொறுப்பேற்க முடியாது என்பது அவளுக்கும் தெரியும்.

மலையைப் பார்த்து

காய் லாரி ஒன்றைப் பிடித்து, இறக்கைகளைக் கழற்றி, ஒட்டன்சத்திரம் வழியாகக் கீழே கொண்டுபோனோம். மலைக்கு வடக்கே சமவெளியில் ஒரு தனியார் ஓடுதளம். சுற்றிலும் சோளக்காடு. அங்கே உடம்புக்கும் துணி போர்த்தினார். பரிசோதிக்க வேண்டியவர்கள் வந்து பரிசோதித்துக் கையெழுத்திட்டார்கள். ஓடுதளத்தைச் சுற்றியே பறந்துவிட்டு இறங்க வேண்டும் என்பது பேச்சு.

காலை வெயிலில் காற்றே இல்லை. தேவசகாயம் முன் இருக்கையில் ஏறினார். பின் இருக்கையில் எடைக்காக ஒரு மணல் மூட்டையை வைத்துக் கட்டியிருந்தார். எங்களைப் பார்த்துக் கையசைக்கவில்லை.

ஓடியது, குலுங்கியது, பிறகு குலுக்கல் சட்டென்று நின்றுபோனது. சக்கரங்களுக்குக் கீழே வெளிச்சம் தெரிந்தது. செல்வராணி “மாதாவே” என்றாள்.

ஒரு சுற்று வந்தது. இரண்டாவது சுற்றில், திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை.

தெற்கே பழனி மலைத்தொடர் சுவராக நின்றது. நடுவில் வெள்ளையாக மேகம் கிடந்தது. அதற்குப் பின்னால் எங்கேயோதான் அந்தோணியின் ஜீப் உருண்ட தாண்டிக்குடிப் பாதை. விமானம் மூக்கை அதை நோக்கி நீட்டியபடி நேராகப் போனது. ஓடுதளத்துப் பையன்கள் ரேடியோவில் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார்கள். என்ஜின் சத்தம் ஈ ரீங்காரமாகி, பிறகு இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாதபடி ஆகி, இல்லாமலே போனது. மேகத்தின் ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. அதுவும் போயிற்று.

செல்வராணி அழவில்லை. கையை நெற்றிக்கு மேல் வைத்து, அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவள் தோளில் கை வைத்தேன். அவள் உடம்பு முழுவதும் இறுகிக் கிடந்தது. சோளக்காட்டில் மயில் ஒன்று கத்தியது. ரேடியோக்காரப் பையன் குரல் உடைந்து இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. முதலில் அவளுக்குத்தான் கேட்டது. “வர்றாரு” என்றாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது.

இறங்கும்போது வலது சக்கரம் முதலில் மோதியது. விமானம் ஒருமுறை எகிறி மறுபடியும் விழுந்தது. பழைய பிராக்கெட் அந்த அடியைத் தாங்கியிருக்காது. புதியது தாங்கியது.

என்ஜின் நின்றது. அவர் இறங்கவில்லை. கண்ணில் போட்டிருந்த கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் ஓடிப்போய் நின்றோம். முகம் நனைந்திருந்தது, மேகமா கண்ணீரா தெரியவில்லை. மனைவியைப் பார்த்துச் சொன்னார், வழி விசாரிக்கப் போய்விட்டு வந்தவர் சொல்வதுபோல:

“அங்கிட்டு வரைக்கும் போய்ப் பாத்தேன் ராணி. அங்க யாரும் இல்ல.”

அவள் இறக்கையைத் தாங்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

“நான் இங்கிட்டுத்தான நிக்கிறேன்” என்றாள். “எறங்கி வாங்க.”

அவர் இறங்கினார்.